ராஜா எந்த வளையில்?

முன்னொரு காலத்தில், பூனைகள் இன்னும் காட்டைவிட்டு வீட்டுக்குக் குடிவராத காலத்தில், ஏழுவாய்க்கால் என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டுக்கு ராஜா கனகசேனன். அவனுக்கு மீசை ஒரு முழம். கோபம் மூன்று முழம். ராணியின் பெயர் மேகவல்லி. அவளுக்கு ராஜாவின் மேல் இருந்த அன்பை அளக்க முழக்கோல் போதாது.

அரண்மனைக்குப் பின்னால் பெரிய கொல்லை. அதில் கீரைப் பாத்தி உண்டு, வாழை உண்டு, ஒரு துண்டு நெல்வயல் உண்டு. மதிலை ஒட்டி மாட்டுக்கொட்டில். கோடியில் ஒரு நாவல் மரம். அந்தக் கொல்லையில் தரைக்கு மேலே இருந்தவர்களைவிடத் தரைக்குக் கீழே இருந்தவர்கள்தான் அதிகம். வரப்பில் வளை, பாத்தியில் வளை, சுவரடியில் வளை.

ஒருநாள் காலை பக்கத்து நாட்டுத் தூதருக்கு வாழைத் தோப்பைக் காட்டினான் ராஜா.

"எங்கள் மண் இரும்பு மண், பாருங்கள்!" என்று சொல்லிக் காலை ஓங்கி ஊன்றினான்.

பொதுக்! முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. கிரீடம் உருண்டு கீரைப் பாத்தியில் விழுந்தது. தூதர் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கிப் பார்த்தார். முடியவில்லை.

"எலி!" என்று கத்தினான் ராஜா. "எல்லாம் எலி வேலை! நாளைக் காலையில் எல்லா வளைக்கும் புகை போடுங்கள். ஒன்றுகூட உயிரோடு இருக்கக் கூடாது!"

நாவல் மரத்தடியில் ஒரு கிழவர் பழம் தின்றுகொண்டிருந்தார். நாக்கெல்லாம் ஊதா. அவர்தான் மாயாவி சுருளிமுடி. வருஷத்துக்கு ஒருமுறை நாவல் பழத்துக்காகவே அங்கே வருவார்.

"எந்த எலி, ராஜா?" என்று கேட்டார்.

"எலியில் என்ன எந்த எலி? எல்லாம் ஒன்றுதான்!"

"எல்லாம் ஒன்றா?"

"ஒன்றுதான் என்கிறேனே!"

"மூன்றாம் முறை கேட்கிறேன். எல்லாம் ஒன்றா?"

"ஒன்று, ஒன்று, ஒன்று!"

மாயாவி ஒரு நாவல் கொட்டையை உள்ளங்கையில் துப்பி, உஃப் என்று ஊதினார். அவ்வளவுதான். ராஜா நின்ற இடத்தில் ராஜா இல்லை. பட்டு வேட்டியும் பட்டு அங்கியும் குவியலாகக் கிடந்தன. குவியலுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று சிட்டாய் ஓடி மறைந்தது. வால் நீளமா குட்டையா, மூக்கு கூரா மழுக்கையா, யாரும் பார்க்கவில்லை.

"ராஜா இந்தக் கொல்லையில்தான் இருக்கிறார்" என்றார் மாயாவி. "அவர் இருக்கும் வளையில் வாய் வைத்து, அவர் இப்போது என்ன பிராணி என்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். சரியாகச் சொன்னால் வருவார். மூன்று முறைதான் கூப்பிடலாம். மூன்று நாள்தான் நேரம். மூன்றாம் நாள் சூரியன் விழுந்துவிட்டால் அவருக்குத் தான் ராஜா என்பதே மறந்துபோகும்."

சொல்லிவிட்டு மரத்தில் ஏறிக் கிளையில் உட்கார்ந்து, அடுத்த பழத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

முதல் நாள் தளபதி உக்கிரசிங்கன் வந்தான். மாட்டுக்கொட்டில் சுவரடியில் ஒரு வளை. தேங்காயே உள்ளே போகும், அவ்வளவு பெரிது. வாசலில் கூடை கூடையாக மண்.

"நம் ராஜா பெரியவர். பெரியவர் பெரிய வளையில்தான் இருப்பார்" என்றான் தளபதி. குப்புறப் படுத்து, வளையில் முகத்தை வைத்து, "பெரிய எலியாக இருக்கும் ராஜாவே, வெளியே வா!" என்று முழங்கினான்.

உர்ர் என்று பன்றிக்குட்டிபோல உறுமிக்கொண்டு வெளியே வந்தது ஒரு பெருச்சாளி. தளபதியின் மூக்கை ஒரு கடி கடித்துவிட்டுத் திரும்பிப் போனது.

"ஒன்று!" என்றது மரத்திலிருந்து குரல்.

இரண்டாம் நாள் மந்திரி சூட்சுமராயர் வந்தார். நடைபாதை ஓரம் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு சின்ன வளை. வாசலைச் சுற்றிப் பொடிக் கற்கள் அடுக்கியிருந்தன.

"கல் பதித்த வாசல், பார்த்தீர்களா? அரண்மனை வாசனை போகுமா?" என்றார் மந்திரி. தாடியை ஒதுக்கிக்கொண்டு குனிந்து, "கல் எலியாக இருக்கும் ராஜாவே, வெளியே வா!" என்றார்.

விரல் நீளச் சுண்டெலி ஒன்று வெளியே வந்தது. மந்திரியின் தாடியில் ஏறி, மேலே ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தது. ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் இறங்கிப் போய்விட்டது.

"இரண்டு!" என்றது மரத்துக் குரல்.

அன்று சாயங்காலம் மேகவல்லி தனியாகக் கொல்லையைச் சுற்றி வந்தாள். சமையல்கட்டுச் சுவர் ஓரம் ஒரு வாசனை குப்பென்று அடித்தது.

"புனுகு! அவர் மார்பில் பூசும் புனுகு!" ராணியின் கண்ணில் நீர் வந்துவிட்டது. அங்கே ஒரு பொந்து இருந்தது. மண்டியிட்டு, வாயைத் திறந்தாள்.

"ராணியம்மா, வாயை மூடுங்க!"

ராணியிடம் அப்படி யாரும் பேசியதில்லை. திரும்பிப் பார்த்தாள். இடுப்பில் கூடையோடு நின்றாள் காத்தாயி. அந்தக் கொல்லையில் கீரை போடுகிறவள்.

"அது புனுகும் இல்ல, சந்தனமும் இல்ல. மூஞ்சூறு நாத்தம். வேணும்னா கொஞ்சம் கிட்ட மோந்து பாருங்க."

ராணி மோந்தாள். மூக்கைச் சுளித்தாள். "ஐயே!"

"மூக்கு நீளமா, கண்ணு கடுகாட்டம் இருக்கும். சுவரை ஒட்டியே கீச்கீச்சுன்னு ஓடும். கரப்பான் தின்னும், புழு தின்னும், ஒரு மணி நெல்லைத் தொடாது. பாக்கத்தான் எலி. எலிச் சாதியே கிடையாது."

"உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

"தெரியாம கீரை போட முடியுமாம்மா? விதையைத் தோண்டினது யாரு, தண்டைக் கடிச்சது யாருன்னு தெரிஞ்சாத்தானே எங்க வேலி கட்டுறதுன்னு தெரியும்? மண்ணு என்ன சொல்லுது, காலு என்ன சொல்லுது, பல்லு என்ன சொல்லுது, அதைக் கேட்டா போதும்."

ராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் ஒரே ஒரு முறைதான் மிச்சம், காத்தாயி. அவர் எதுவாக இருக்கிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

காத்தாயி கூடையை இறக்கி வைத்து யோசித்தாள்.

"உருவம் ஒரு ஊதுல மாறிடும். பழக்கம் மாறுமா? பெருச்சாளியா பொறந்தது பெருச்சாளி மாதிரி நடக்கும். மூஞ்சூறா பொறந்தது மூஞ்சூறு மாதிரி நடக்கும். எது தன் சாதிப்படி நடக்கலையோ, அதுதான் நம்ம ராஜா."

இருட்டுவதற்குள் இருவரும் ஒரு படி அரிசிமாவை எடுத்து வந்து, கொல்லையில் இருந்த வளை வாசல் எல்லாவற்றிலும் மெல்லியதாகத் தூவினார்கள். கோலம் போட்ட கைதான் ராணியின் கை; மாவு சீராக விழுந்தது.

மூன்றாம் நாள் விடிந்ததும் காத்தாயி குனிந்து குனிந்து பார்த்தாள். மண் என்ன சொல்கிறது? கால் என்ன சொல்கிறது? பல் என்ன சொல்கிறது?

பெருச்சாளி வாசலில் அகலமான பாதம், பக்கத்தில் கடித்துப்போட்ட கிழங்கு. சரி. சுண்டெலி வாசலில் பொட்டுப் பொட்டாகப் பாதம். ராத்திரியில் இரண்டு கல் கூடியிருந்தது. சரி. சுவர் ஓரம் மூஞ்சூறு கரப்பான் இறகை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. சரி. வாழையடியில் ஒரு வளை, வாசலில் துளி மண் இல்லை. மாவில் பின்னங்கால் தடம் ஜோடி ஜோடியாக, ஒன்றுக்கொன்று ஒரு முழம் தள்ளி.

"தாவித் தாவிப் போயிருக்கிறது. அவர் குதிரையில் தாவுவாரே!" என்றாள் ராணி ஆவலாக.

"வெள்ளெலிம்மா. பொறந்ததுலேர்ந்து தாவுற சாதி. சரியாத்தான் இருக்கு."

அப்படியே வயலுக்கு வந்தார்கள். வரப்பில் எட்டு வளை. எட்டும் ஒரே மாதிரி மண்குவியல் உள்ளவை. ஏழு வளைக்கு வாசலே தெரியவில்லை, ஈரமண்ணால் அடைத்திருந்தது. எட்டாவது வளை மட்டும் ஆவென்று திறந்து கிடந்தது.

காத்தாயி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வரப்பெலி. உள்ள போனதும் கதவை மண்ணால அடைச்சிடும். இது ஏன் அடைக்கல?"

"ஆள் இல்லாத வீடாக இருக்குமோ?"

"மாவுல கால் தடம் போயிருக்கு, வந்திருக்கு. அந்த ஏழு தடமும் இதுவும் ஒண்ணுதான்."

"உள்ளே பாம்பு புகுந்திருக்குமோ?"

"பாம்பு போனா மாவுல கோடு விழும். இல்லையே. ஒருவேளை இதுக்கு உடம்பு முடியலையோ என்னவோ. ஒரு வேலை செஞ்சு பாப்போம்."

ஒரு குச்சியால் ஏழு அடைப்பையும் தட்டித் திறந்தாள் காத்தாயி. பிறகு இருவரும் தள்ளிப்போய் அசையாமல் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. உச்சிக்கு வந்தது. பொழுது சாய்ந்துகொண்டே போனது.

முதல் வளைக்குள்ளிருந்து கொஞ்சம் ஈரமண் நகர்ந்து வந்தது. பின்னால் ஒரு மழுங்கிய மூக்கு அதைத் தள்ளியது. வாசல் மூடிக்கொண்டது. அப்புறம் மூன்றாவது வளை. அப்புறம் ஐந்தாவது. ஒவ்வொன்றாக ஏழும் மூடிக்கொண்டன.

எட்டாவது வளைக்குள்ளிருந்தும் ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. வெளிச்சத்தைப் பார்த்துச் சலித்துக்கொண்டது. திரும்பி உள்ளே போனது. வாசல் திறந்தே கிடந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க" என்றாள் காத்தாயி. "ராஜா கதவு சாத்துவாரா?"

ராணி விழித்தாள். பிறகு மூன்று நாளில் முதல் முறையாகச் சிரித்துவிட்டாள்.

"கதவா? அவரா? வாசலுக்கு இரண்டு காவலர்கள் எதற்கு இருக்கிறார்களாம்? படுக்கையறைக் கதவைக்கூட தினமும் நான்தானே எழுந்து போய்ச் சாத்துகிறேன்!"

"அப்ப கூப்பிடுங்க!"

அந்த நேரம் பார்த்து வாழைப் பக்கமிருந்து ஆள் நீளத்துக்கு ஒரு பாம்பு வரப்பில் ஏறியது. மூடிய வளைகளை ஒவ்வொன்றாக நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டு, எட்டாவதை நோக்கி வந்தது. மூக்கில் கட்டோடு கொட்டில் பக்கம் நின்றிருந்த தளபதி ஓடிவந்து வாளை உருவினான்.

"வெட்டாதீங்கய்யா! அது சாரை, விஷம் கிடையாது" என்றாள் காத்தாயி. கூடையை வளைக்கும் பாம்புக்கும் நடுவில் வைத்து, குச்சியால் தரையைத் தட்டினாள். பாம்பு தலையைத் தூக்கிப் பார்த்தது. கூடையைச் சுற்றி வர வளைந்தது. காத்தாயி கூடையை நகர்த்தினாள். பாம்பும் நகர்ந்தது.

மதிலுக்கு மேலே சூரியன் அரை நெற்றிப்பொட்டாக இருந்தது.

ராணி வரப்பில் குப்புறப் படுத்து, வளையில் வாயை வைத்தாள். "வரப்பெலியாக இருக்கும் என் ராஜாவே, வெளியே வா!"

மரத்திலிருந்து சத்தம் இல்லை. வளையிலிருந்தும் சத்தம் இல்லை. சூரியன் கால் பொட்டானது.

பிறகு, ஒரு மழுங்கிய மூக்கு தெரிந்தது. மீசை தெரிந்தது. மீசை வளர்ந்தது, ஒரு முழம் வளர்ந்தது! வரப்பு பொத்தென்று இடிந்தது. உடம்பெல்லாம் சேறும், வாயில் ஒரு நெற்கதிருமாக எழுந்து உட்கார்ந்தான் கனகசேனன். சேற்றைத் தவிர வேறு உடை இல்லை. ராணி தன் மேலாடையை அவன்மேல் போட்டாள். சாரைப்பாம்பு பயந்து வாழைக்குள் ஓடிவிட்டது. நாவல் மரத்துக் கிளை காலியாக இருந்தது.

"எப்படி இருந்தது அங்கே?" என்று அழுதுகொண்டே கேட்டாள் ராணி.

"முதல் நாள் இருட்டு. இரண்டாம் நாள் பழகிவிட்டது" என்றான் ராஜா. குரல் தாழ்ந்திருந்தது. "மேலே நடப்பவர்கள் எல்லாருடைய காலடியும் தலைக்கு மேல் கேட்கும், மேகவல்லி. தளபதி நடந்தால் கூரை உதிரும். மந்திரி ஒரு காலை இழுப்பார். நீ நடந்தால் கொலுசுக்கு முன்னால் குதிகால் கேட்கும். நூறு பேர் நடந்தாலும் நான் தெரிந்துகொள்வேன்."

"என் காலடி கேட்டுச்சா, ராஜா?" என்றாள் காத்தாயி.

"நீதானா அது? நாலு அடி நடந்தால் ஒருமுறை நின்றாயே. எல்லாரும் தாண்டிப் போனார்கள். ஒரே ஒரு காலடிதான் என் தலைக்கு மேலே வந்து நின்றது. நின்றபோதுதான் எனக்கு உயிர் வந்தது."

அப்போதே ராஜா புகைச் சட்டிகளைக் கவிழ்க்கச் சொன்னான். மறுநாள் செப்புப் பட்டயம் எழுதி அந்தக் கொல்லை முழுவதையும் காத்தாயிக்கே கொடுத்தான். யார் அங்கே இருக்கலாம், யார் போக வேண்டும் என்று அவளே முடிவு செய்துகொள்ளட்டும் என்றான். பெருச்சாளியை மட்டும் மதிலுக்கு அந்தப் பக்கம் விரட்டினாள் காத்தாயி. கொட்டில் சுவர் விழுந்துவிடும் அல்லவா? மற்ற எல்லாரும் இருந்தார்கள். அவள் போட்ட கீரையிலும் நெல்லிலும் கால் பங்கு அவர்கள் வாய்க்குப் போனது. முக்கால் பங்கு அவளுக்கு மிஞ்சியது. போதும் என்றாள் அவள்.

முக்கால் பங்குக் கீரையில் முதல் அறுப்பன்று ராஜாவுக்கும் ஒரு கட்டு போனது. நல்ல தண்டுக்கீரை. மசித்து, நெய் விட்டு, மூன்று பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர்கள் வயிறு நிறைந்தது, நம் கதையும் நிறைந்தது.