வயிற்றுச் சனம் வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில் மனிதர் வயிற்றுக்குள் குடியிருந்த சிற்றுயிர்களுக்கும் பேச்சு இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூட்டத்தை வயிற்றுச் சனம் என்பார்கள். ஆள் நிறைந்த வீட்டில் அவை மெல்ல முணுமுணுக்கும். ஆளில்லாத வீட்டில் குரலெடுத்துப் பேசும்.

செம்மணல் மேடுகள் விரிந்த தேரியில் தவசுக்கனி தனியாக இருந்தாள். ஊரில் கொள்ளைநோய் வந்தபோது எல்லாரும் கடலோரம் போய்விட்டார்கள். தாய் எழுந்திருக்க முடியாமல் கிடந்ததால் அவள் மட்டும் தங்கினாள். தாய் கண்ணை மூடிய பிறகு அவளைக் கூப்பிட ஒருவரும் வரவில்லை. தானே பனையேறினாள், தானே பதநீர் இறக்கினாள், தானே கருப்பட்டி காய்ச்சினாள். வாய் திறந்து பேச அவளுக்கு இருந்தது வயிற்றுச் சனம் மட்டும்தான்.

"தாயி, உலர்த்தி வச்ச பனங்கிழங்கு தீர்ந்துட்டா?" என்று அவை கேட்கும்.

"இன்னும் கிடக்கு. பொறுங்க."

"நாரை உரிச்சு எறிஞ்சிராத. நாருதான் எங்களுக்குச் சோறு. நீ திங்குத இனிப்பை நாங்கதான் ரத்தத்து வாசல்ல நின்னு அளந்து உள்ள விடுதோம்லா."

அவள் சிரித்துக்கொண்டே நாரோடு மென்று விழுங்குவாள்.

மாதம் ஒருமுறை உப்புப் பொதி ஏற்றிய மாட்டோடு கொம்பையா அந்த வழியாக வருவான். உப்பைக் கொடுத்துக் கருப்பட்டி வாங்கிப் போவான். ஒருநாள் உச்சிவெயிலில், கலயத்துப் பதநீரைக் குடித்து முடித்தவன், அவளைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "எத்தனை நாளைக்கு இந்த மணல்ல ஒத்தையாக் கிடப்ப? எங்கூட வாரியா?"

அவள் வாய் திறப்பதற்குள் வயிற்றுக்குள்ளிருந்து சத்தம் எழுந்தது.

"யாரு தாயி அது? எங்க கூப்பிடுதான்? அங்க கிழங்கு கிடைக்குமா?"

கொம்பையா இரண்டடி பின்னால் போனான். "எல்லார் வயித்துலயும் ஒரு முனகல் இருக்கும். உன் வயித்துல ஒரு சந்தையே இல்ல இருக்கு! எங்க அம்மா முன்னால இது பேசினா நான் எங்க போய் முகத்தை வைக்க? இதை அடக்கி வை. அடுத்த தடவை வரும்போது கூட்டிட்டுப் போறேன்."

அவன் போன பிறகு தவசுக்கனி வெகுநேரம் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு கசப்பு வேரைத் தோண்டி இடித்துக் கஷாயம் காய்ச்சினாள்.

"தாயி, எரியுதே! நாங்க என்ன செஞ்சோம்?"

பதில் சொன்னால் மனம் இளகிவிடும் என்று காதைப் பொத்திக்கொண்டு குடித்தாள். மூன்று நாள் குடித்தாள். கசப்பு போகக் கருப்பட்டியாகவே தின்றாள். நாலாம் நாள் வயிறு ஓய்ந்தது. வெளியேறிய சனம் மணலுக்குள் இறங்கிப் போயிற்று.

முதல் நாள் நிம்மதியாக இருந்தது. மறுநாள் கிழங்கை வேகவைத்துவிட்டு, "வெந்துட்டு, பாருங்க" என்றாள். ஒரு பதிலும் இல்லை. கையிலிருந்த கிழங்கைத் தின்னாமலே கீழே வைத்தாள்.

அதற்குப் பிறகு தாகம் வந்தது. குடம் குடமாகக் குடித்தும் நா வறண்டது. பனையேறும்போது மட்டையின் கூரான கருக்கு கிழித்த கால் ஆறவில்லை. அவள் சிறுநீர் கழித்த இடத்தைத் தேடி எறும்புகள் சாரிசாரியாக வந்தன.

"இங்க என்ன இருக்குன்னு வாரீங்க?" என்று கேட்டாள்.

"உன் நீர் பதநீர் மாதிரி இனிக்குதம்மா," என்றது முன்னால் வந்த எறும்பு. "வாசல்ல நின்ன சனத்தை விரட்டிட்ட. இனிப்பு கேட்பாரில்லாம ரத்தத்துல ஓடுது."

கொம்பையா வந்தான். அவள் கால்புண்ணையும் எறும்புச் சாரியையும் பார்த்தான். "வயிறு அடங்கிட்டு," என்றாள் அவள். அவன் தலையை ஆட்டினான். உப்புச் சிப்பத்தை இறக்கி வைத்தான். கருப்பட்டி கேட்கவில்லை; கூட்டிப்போகும் பேச்சையும் எடுக்காமல் மாட்டை ஓட்டினான். மாட்டுமணிச் சத்தம் தேரிக்கு அப்பால் தேய்ந்து மறையும்வரை அவள் நின்றுகொண்டிருந்தாள்.

பிறகு குனிந்து எறும்பிடம் சொன்னாள்: "மண்ணுக்குள்ள போற வழியில அவங்களைப் பார்த்தா, தவசுக்கனி வரச் சொன்னான்னு சொல்லு. தப்பு என் மேலதான்."

எறும்பு போய் மூன்றாம் நாள் திரும்பியது. "கம்பங்கூழைக் காய்ச்சிப் புளிக்க வைக்கணுமாம். அது வழியா வருவாங்களாம். நார் போட்டாத் தங்குவாங்களாம். ஆனா இனி ஒரு வார்த்தையும் பேச மாட்டாங்களாம். உலகத்துல இருக்கிற தங்கள் சனம் எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. எந்த வயித்துலயும் இனிப் பேச்சு இல்ல."

தவசுக்கனி கூழ் காய்ச்சி மண்பானையில் வைத்தாள். புளித்ததும் கரைத்துக் குடித்தாள். நாரோடு கிழங்கு தின்றாள். கருப்பட்டியைத் தொடவில்லை. பல நாள் கழித்துத் தாகம் தணிந்தது. எறும்புகள் குறைந்தன, ஆனால் அடியோடு நிற்கவில்லை. கால் ஆறியும் நொண்டல் தங்கிவிட்டது.

ஒரு மத்தியானம் வயிற்றுக்குள் ஏதோ உருண்டது. அவள் கையிலிருந்த அகப்பையைப் போட்டுவிட்டு வயிற்றில் கை வைத்தாள்.

"வந்துட்டீங்களா?"

மறுபடி உருண்டது. அவ்வளவுதான்.

அன்று முதல்தான் மனிதர் வயிற்றுக்குள் இருப்பவர்கள் பசித்தால் உருளுகிறார்களே தவிர, என்ன வேண்டும் என்று வாய் திறந்து சொல்வதில்லை.