புரிஞ்சுது சார்

தெய்வநாயகம் திங்கள் முதல் வெள்ளி வரை கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சீடர்.

தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன மடத்தில் அவருடைய குரு இருந்தார். பெயர் ஞானாம்பிகை. சீடரைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவரை "அம்மா" என்று கூப்பிடுவதில் தெய்வநாயகத்துக்குக் கூச்சம் ஒன்றும் கிடையாது. அவரும் பதிலுக்கு "வாத்தியாரே" என்றுதான் கூப்பிடுவார்.

அந்த ஞாயிறு தெய்வநாயகம் முகத்தில் ஈயாடவில்லை. குரு மதியச் சமையலுக்கு வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன வாத்தியாரே, பேயறைஞ்ச மாதிரி வந்திருக்கீங்க?"

"அம்மா, எங்க ஸ்கூலுக்கு ஒரு ஏஐ வாத்தியார் வந்திருக்கு. பிள்ளைங்க டேப்லெட்ல பேசினா அது பதில் பேசும். வச்சுக்கணுமா, திருப்பி அனுப்பணுமான்னு நாளைக்கு ஹெச்.எம். கேப்பாரு. நான் சொல்லுததுதான் முடிவு."

"என்ன சொல்லப் போறீங்க?"

"தூக்கி எறியச் சொல்லப் போறேன்."

"அது தப்புத்தப்பா சொல்லிக் குடுக்கா?"

"இல்லையே. சரியாத்தான் சொல்லுது. வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் ரூம் வாசல்ல நின்னேன். உள்ள இசக்கிபிரியா அதுகிட்ட பேசிக்கிட்டு இருந்தா. பத்தாங்கிளாஸ். கணக்குல எப்பவும் நூத்துக்கு நூறு. அவ கேக்கா, 'சைன், காஸ்னு போடுதோமே, அப்படின்னா என்ன? கணக்கெல்லாம் போட்டுருவேன், ஆனா அது என்னன்னே எனக்குத் தெரியாது'ன்னு. அது சொல்லிச்சு. அவ 'புரியல'ன்னா. வேற மாதிரி சொல்லிச்சு. திரும்பவும் 'புரியல'. கூசாம சொல்லுதாம்மா!"

குரு தண்டின் நாரை விரலில் சுற்றி எடுத்தார்.

"இருபது வருஷமா ஒவ்வொரு பாடம் முடிஞ்சதும் நான் 'புரிஞ்சுதா?'ன்னு கேக்கேன். மொத்த கிளாஸும் 'புரிஞ்சுது சார்'னு கூரை அதிரக் கத்தும். அவ குரலும் அதுல உண்டு. ஒரே ஒரு பிள்ளைகூட என்கிட்ட 'புரியல'ன்னு சொன்னது இல்ல. அப்போ நான் யாரும்மா? இத்தனை நாளா சுவத்துக்கா பாடம் எடுத்தேன்?"

கண் கலங்கிவிட்டது. பிரம்பைத் தொடாத மனிதர். பிள்ளைகள் அவர்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். பயத்தில் பொய் சொன்னார்கள் என்று தேற்றிக்கொள்ளக்கூட அவருக்கு வழியில்லை.

குரு கத்தியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முதல்ல இன்னைக்குப் பாடத்தை முடிச்சிருவோம். கேளுங்க."

தெய்வநாயகம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைகட்டி உட்கார்ந்தார்.

"ஆறு கடலுக்குப் போகுது. ஆனா கடல் இருக்கது கரையில. கரை நனைஞ்சா ஆறு காயும். அதனால நனையாதவன் எவனோ, அவனே மூழ்கினவன்." குரு கண்ணை மூடித் திறந்தார். "புரிஞ்சுதா?"

சீடர் மெல்லத் தலையாட்டினார். முகத்தில் ஒரு தெளிவுகூட வந்திருந்தது.

"புரிஞ்சுதும்மா."

"அப்படியா? எனக்குப் புரியலையே. வாய்க்கு வந்ததை உளறினேன்."

தெய்வநாயகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏன் வாத்தியாரே பொய் சொன்னீங்க? என்கிட்ட பயமா?"

"பயம் எதுக்கும்மா? நீங்க இவ்வளவு அக்கறையாச் சொல்லுதீங்க. புரியலன்னா உங்க மனசு சங்கடப்படுமே..."

சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. வகுப்பில் கூரை அதிரும் அந்தச் சத்தம் இப்போதுதான் அவர் காதில் சரியாக விழுந்திருக்க வேண்டும்.

"அந்த மெஷினுக்குச் சங்கடம் கிடையாது" என்றார் குரு.

தெய்வநாயகம் கேட்டார். "அப்போ அது இருக்கட்டும்ங்கீங்களா?"

"அதை அனுப்பிட்டா அந்தப் புள்ள யார்கிட்ட போய்ப் 'புரியல'ன்னு சொல்லுவா?"

குரு வாழைத்தண்டை மறுபடி எடுத்தார். ஒரு வில்லை நறுக்கினார். அப்புறம் அவர் கையும் நின்றுவிட்டது.

"வாத்தியாரே."

"அம்மா."

"இதுக்கு முன்னாடியும் என்கிட்ட இப்படித் தலையாட்டியிருக்கீங்களா?"

தெய்வநாயகம் ஆமாம் என்று தலையாட்டினார்.

"நிறையவா?"

தெய்வநாயகம் தரையைப் பார்த்தார். "மனசை மனசாலயே பாக்கணும்னு மொத நாள் சொன்னீங்களே. அதுவே எனக்குப் புரியலம்மா. அதுக்கப்புறம் சொன்னதெல்லாம் அதுக்கு மேலதானே..."

குரு கத்தியைக் கீழே போட்டுவிட்டார். எங்கெங்கிருந்தோ ஆட்கள் அவரைத் தேடி வருவார்கள். அந்தப் பாயில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, தெளிந்த முகத்தோடு எழுந்து போவார்கள். அவரும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தார். குருவின் முகம் இப்படி வெளுத்துத் தெய்வநாயகம் பார்த்ததே இல்லை. சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று அவருக்கு மனசு அடித்துக்கொண்டது.

"சங்கடமா இருக்காம்மா?"

"இருக்கு. ரொம்பவே இருக்கு." குரு வாழைத்தண்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பாயைத் தட்டினார். "சங்கடம் இருந்துட்டுப் போகுது. நீங்க கிட்ட வந்து உக்காருங்க. மொத நாள் பாடத்துல எந்த இடத்துல விட்டுப்போச்சு?"