குட்டிகள் காப்பகத்துக்கு ஆள் தேடிய முயல்

அல்லிக்குளத்தின் கரையில் செவ்வந்தி என்ற முயல் வாழ்ந்து வந்தது. அந்தக் காட்டில் தாய்மார் இரை தேடப் போனால் குட்டிகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. போன மழைக்காலத்தில் ஓர் அணில்குஞ்சு வெள்ளத்தில் போய்விட்டது. அன்றிலிருந்து செவ்வந்திக்கு மனசே ஆறவில்லை. குட்டிகளுக்கு ஒரு காப்பகம் தொடங்க முடிவு செய்தது.

"காப்பகத்தை வடிவமைத்துக் கட்டத் தெரிந்தவர்கள் நேர்காணலுக்கு வரலாம்" என்று காகத்திடம் சொல்லி அனுப்பியது.

முதலில் தூக்கணாங்குருவி வந்தது. தான் பின்னிய மூன்று கூடுகளைக் கிளையில் தொங்கவிட்டுக் காட்டியது. செவ்வந்தி அசந்துபோய் நின்றது.

"இதே மாதிரி பெரிதாக ஒன்றை மரத்தில் தொங்கவிடலாம். வெள்ளம் தொடாது" என்றது குருவி.

அடுத்து மிளகி என்ற வயலெலி வந்தது. வெறுங்கையோடு வந்தது.

"நீ கட்டியது எதையாவது காட்டேன்."

"என் வளையெல்லாம் மண்ணுக்கடியில் இருக்கிறது, அக்கா. தூக்கிக்கொண்டு வர முடியாதே."

செவ்வந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டது. போய்வரச் சொல்ல வாயெடுத்தது.

"தங்கப்போகிற பிள்ளைகளைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று மிளகி கேட்டது.

நாவல் மரத்தடியில் செவ்வந்தியின் கடைக்குட்டியும் மற்றக் குட்டிகளும் விளையாடிக்கொண்டிருந்தன. மிளகி நண்பகல்வரை அவற்றோடு உருண்டு புரண்டது. உடம்பெல்லாம் மண்ணோடு திரும்பி வந்தது.

"ஆமைக்குஞ்சுக்கு மரமேற வராது. மேட்டில் கட்டுவோம், வாசல் தரையோடு இருக்கட்டும். ஆந்தைக்குஞ்சுக்கு வெளிச்சம் கூசுகிறது, ஒரு மூலை இருட்டாக வேண்டும். அப்புறம்..." மிளகி தயங்கியது. "உங்கள் கடைக்குட்டிக்குக் காது கேட்கவில்லை, அக்கா. பின்னாலிருந்து யாராவது வந்தால் நடுங்கிப்போகிறான். வாசலைப் பார்த்தபடி அவனுக்கு ஓர் இடம் வேண்டும்."

செவ்வந்தியின் கண்கள் கலங்கின. "இதை நான் யாரிடமும் சொன்னதில்லையே."

"அவனோடு விளையாடினேன், தெரிந்தது."

"வேலை உனக்குத்தான்" என்றது செவ்வந்தி.

"கூரை பின்ன எனக்கு வராது. குருவி அண்ணனையும் கூப்பிடுங்கள்."

குருவி ஒரு நாள் முறுக்கிக்கொண்டிருந்தது. பிறகு அலகில் நாரோடு வந்து சேர்ந்தது.

காப்பகம் திறந்த அன்று சாயங்காலம் செவ்வந்தி குட்டியை அழைக்கப் போனது. உள்ளே வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த கடைக்குட்டி அம்மா வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டது. நடுங்கவில்லை, துள்ளி ஓடிவந்து கட்டிக்கொண்டது.

முன்பு செய்ததை அழகாகக் காட்டுவது மட்டும் திறமை ஆகாது. யாருக்காகச் செய்கிறோமோ அவர்களை அறிந்து செய்வதே உண்மையான திறமை.