நீர்க்காக்கா ரெக்கையை விரிச்ச கதை

அந்தக் காலத்துல, பறவையும் நண்டும் நம்மளை மாதிரியே வாயடிச்சுக்கிட்டுத் திரிஞ்சப்ப, கரையிலயே பெரிய அறிவாளி நீர்க்காக்காதான். அதாவது, அதுவே அப்படிச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சுச்சு. அப்பெல்லாம் வாத்து மாதிரி அதுக்கும் தண்ணி ஒட்டாத எண்ணெய் ரெக்கை. முங்கும், மீனோட வரும், தொண்டையைச் செருமும். "கடலோட அடியா? அது எங்க வீட்டு அடுப்படி மாதிரில்ல!"

"அடுப்புல இன்னைக்கு என்ன கொதிக்குதாம்?"னு நண்டு கேக்கும். கரையே சிரிக்கும்.

அந்தக் கரையில வேலாயின்னு ஒருத்தி. அவ புருசன் கருமலை, கட்டுமரத்துல கடலுக்குப் போயி நாப்பது நாளாச்சு. மரமும் வரல, ஆளும் வரல. வேலாயி தெனமும் உச்சிப்பொழுதுல தன் கஞ்சியில பாதியைக் கடல்ல ஊத்துவா. "தாயே கடலம்மா, அவுகளைப் பட்டினி போட்டுறாத."

ஊர்க்காரங்க பாத்துப் பாத்து, "எத்தனை நாளைக்கு ஆத்தா? நாளைக்குச் சங்கு வளையலை ஒடைச்சிரு"ன்னுட்டாங்க.

வேலாயி நேரா நீர்க்காக்காகிட்ட வந்து கும்பிட்டா. "நீ அடிவரைக்கும் போறியாமே. எம்புருசன் அங்கன கெடக்காகளா? நீ சொன்னா இப்பவே ஒடைச்சிர்றேன்."

அதுவரைக்கும் யாரும் அதைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டதில்ல. நெஞ்சு ரெண்டு மடங்கா உப்பிருச்சு. தெரியாதுன்னு சொல்ல நாக்கு வரல.

"கெடக்கான். நான் பாத்தேன்." அதோட விட்டுச்சா? "கடலம்மாவும் இல்ல, ஒருத்தியும் இல்ல. வெறுஞ்சேறு. கஞ்சியை நீயே குடி."

வேலாயி அழல. பாறை மேல வளையல் கையை வச்சா, ஒடைக்க ஒரு கல்லைத் தூக்குனா. தூக்குன கை அப்படியே நின்னுச்சு.

"அவுக கண்ணு மூடியிருந்துச்சா?"

நீர்க்காக்கா பாத்திருந்தாத்தான சொல்ல? "கொஞ்சம் பொறு தாயி"ன்னு ஒரே முங்கு.

மீன் இருக்குற தண்ணி போச்சு. வெளிச்சம் போச்சு. குளிரு ரெக்கையில இருந்த எண்ணெயை எல்லாம் பிழிஞ்சு எடுத்துருச்சு. அதுக்கும் கீழ தண்ணி, அதுக்கும் கீழ தண்ணி. அடி வரல. யாரோ மூச்சு விடுற மாதிரி அந்த இருட்டு ஏறி எறங்குச்சு. அது கடலம்மாவா, வெறும் தண்ணியா? நீர்க்காக்காவுக்குப் புரிபடல. மூச்சு முட்டி மேல ஏறிருச்சு.

நனைஞ்சு ஒட்டுன ரெக்கையோட பாறையில வந்து நின்னுச்சு.

"அடி வந்துச்சா?" வேலாயி கையில கல்லு அப்படியே இருந்துச்சு.

நீர்க்காக்கா ரெண்டு ரெக்கையையும் விரிச்சுச்சு, நாம கையை விரிக்கிற மாதிரி. "தெரியல தாயி. அவரை நான் பாக்கவே இல்ல. பாத்தேன்னது பொய்."

"கடலம்மா?"

"இல்லைன்னு சொல்ற ஆழத்துக்கு நான் போகல. அவ இருக்கான்னு சொல்ற ஆழத்துக்கும் போகல."

"பாவி, இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன கேடு ஒனக்கு?" கல்லைக் கடல்ல வீசிட்டு, வேலாயி கஞ்சி காய்ச்சப் போனா.

நீர்க்காக்கா ரெக்கையை மடக்கவே இல்ல. அன்னையிலருந்துதான் முங்கி எந்திரிச்சா அதுக்கு ரெக்கை நனையுது, அன்னையிலருந்துதான் ஏறுன எடத்துல அது தண்ணியைப் பாத்துக் கை விரிச்சு நிக்குது.