முட்டை ஓரமாகப் பங்கு பிரித்த கதை

அந்தக் காலத்தில் ஆமைக்கு மட்டுமல்ல, அதன் வயிற்றுக்குள் இருந்த முட்டைக்கும் வாய் இருந்தது. முட்டைக்குள் ஜோடி ஜோடியாகக் கிடந்த இழைகளுக்கு வாய் கொஞ்சம் நீளமாகவே இருந்தது.

ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாய்வழி, ஒன்று தந்தைவழி. பிள்ளைக்கு ஜாடை தருபவை அவைதான். பிள்ளையின் தகப்பனும் தன் பங்கு இழைகளைக் கொண்டுவருவான் என்பதால், முட்டை முதலில் பாதியை வெளியேற்றியாக வேண்டும். அதற்கென்றே இருந்த கயிறுகள் முட்டையின் நட்டநடுவில் நின்று ஜோடிகளைப் பிரித்து இழுக்கும். முட்டையும் அதிலிருந்த சோறும் சரிபாதியாகிவிடும். நியாயமான பாகப்பிரிவினைதான். ஆனால் பாதிச் சோற்றில் எந்தக் குஞ்சும் ஓட்டை உடைக்கும்வரை தாங்கவில்லை.

ஒருநாள் தாய் ஆமை, செம்பி என்ற முட்டையிடம் அழுதது. "மணலைத் தோண்டித் தோண்டிக் கை ஓஞ்சு போச்சுடி. ஒரு குஞ்சாவது கடலைப் பார்க்காதா?"

செம்பிக்கு மனசு பொறுக்கவில்லை. "இந்தத் தடவை பார்க்கும், ஆத்தா" என்றாள்.

உடனே கயிறுகளைக் கூப்பிட்டாள். "நடுவுல நின்னு பிரிக்க வேண்டாம். ஜோடிகளை என் சுவரோரம் கொண்டு போய் அங்கே பிரிங்க."

"அப்போ வெளியே போறவங்களுக்குச் சோறு?" என்று கேட்டாள், சுவர்ப்பக்கம் நின்ற நீலி என்ற இழை.

"இழையில சரிபாதி. சோத்துல ஒரு பருக்கை கிடையாது."

"இது அநியாயம்!"

"அநியாயம்தான். ஆனா இந்தச் சோறு உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. பிள்ளைக்கு." செம்பியின் குரல் உடைந்தது. சொல்லை மட்டும் அவள் மாற்றவில்லை.

நீலி தன் ஜோடியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "சரி, இழுக்கச் சொல்லு."

கயிறுகள் பரபரத்தன. "இருங்க!" என்று அதட்டினாள் செம்பி. ஒரு ஜோடியை ஒரு பக்கக் கயிறு மட்டுமே பிடித்திருந்தது. "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ரெண்டு பக்கமும் பிடிச்சாத்தான் இழுக்கணும். இல்லேன்னா பிள்ளைக்கு ஒண்ணு கூடும், இல்ல குறையும்." மறுபக்கக் கயிறும் அந்த ஜோடியைப் பிடித்த பிறகே தலையசைத்தாள்.

சுவர் புடைத்தது. நீலியின் கூட்டம் ஒரு சின்ன உருண்டையாக வெளியே வந்து விழுந்தது.

"கொஞ்ச நேரம் உன் மேலேயே சாஞ்சுக்கிறேன், செம்பி" என்றாள் நீலி. "பிள்ளை வர்றதைப் பார்த்துட்டுப் போறேன்."

அந்தக் குஞ்சு கடலைப் பார்த்தது. நீலிதான் குஞ்சைப் பார்க்கவில்லை.

அன்று முதல்தான் முட்டை நடுவில் பிரியாமல் ஓரத்தில் பிரிகிறது. சோறெல்லாம் பிள்ளைக்கென்று உள்ளே இருக்க, பாதி இழைகள் வெறுங்கையோடு வெளியே வந்து, அந்தச் சுவரிலேயே சாய்ந்து கரைந்து போகின்றன.