தபால் பைக்குள் துரையின் பல்

அட்லாண்டிக் கடலைக் கடக்கும் அந்தத் தபால் கப்பலில், கேப்டனைவிடத் தபால் அதிகாரிக்குத்தான் பவுசு அதிகம். சமையல்காரர் நாகூர் கபீர், கயானாத் தோட்டத்திலிருக்கும் தங்கைக்கு எழுதிய கடிதத்தை அவரிடம் நீட்டினார்.

அதிகாரி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டே உறுமினார். "முத்திரை வைத்தாயிற்று! ராஜாவே கேட்டாலும் பையைப் பிரிக்கமாட்டேன்."

மத்தியானம் அவரிடமிருந்து ஆள் வந்தது. மெல்லாமலே விழுங்குகிற மாதிரி ஆட்டுக்கறி வேண்டுமாம்! கபீருக்குப் பொறி தட்டியது. கஞ்சியோடு போனார்.

"துரை, பொய்ப்பல் எங்கே?"

"பையைக் கட்டும்போது தும்மினேன். உள்ளே விழுந்துவிட்டது."

"அடடா! ராஜாவே கேட்டாலும் பிரிக்கக்கூடாதே. கரை சேர இன்னும் பதினோரு நாள். தினமும் கஞ்சி கொண்டாறேன்."

மூன்றாம் நாள் கஞ்சியைப் பார்த்ததும் அதிகாரி முத்திரையை உடைத்தார். பல் வெளியே வந்தது. கபீர் கடிதத்தை உள்ளே போட்டார்.

"கட்டுங்க துரை. இனிமே ராஜாவே கேட்டாலும் பிரிக்காதீங்க!"