உச்சிவேளைக் கணக்கு

ஏழுமடையூர் ராஜா மருதரங்கனுக்குத் தன் தலைநகரைப் புதுசாகத் திருத்திக் கட்ட ஆசை வந்தது. ராஜாவுக்கு ஆசை வந்தால் ஆள் வர எவ்வளவு நேரமாகும்? வந்தவர் அனந்தகீர்த்தி, பெரிய கணக்குப்புலி. ஊரை ஒரு துணியில் கட்டம் கட்டமாக வரைந்தார். உச்சிவேளையில் எந்தக் கட்டத்தில் எத்தனை பேர் என்று சேவகர்களை விட்டு எண்ணி, தலைக்கு ஒரு புளியங்கொட்டை வைத்தார். கொட்டை விழாத கட்டம் வீண் நிலம். அதைச் சுற்றி எது அதிகமோ, அதையே அங்கேயும் கட்டிவிட வேண்டும். இதுதான் அவருடைய சூத்திரம். அரண்மனையை மட்டும் மரியாதைக்காக எண்ணாமல் விட்டார்.

அப்போது சித்திரை மாசம். ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்த வெயிலில் அங்கே எவன் போய் நிற்பான்? ஒரு கொட்டைகூட விழவில்லை. சுற்றிலும் வீடுகள்தான் அதிகம். ஆக, ஏரியைத் தூர்த்து வீடு கட்டு என்றது கணக்கு. ஊர்ப் பேரிலேயே மடை இருக்கிறதே என்று யாருக்கும் தோன்றவில்லை. ராஜாவுக்குப் பரம திருப்தி. வெள்ளிக்கிழமை கரையை உடைக்கச் சொல்லிவிட்டார்.

ஏரிக்குக் கீழே நெல் போடுகிற செங்கமலம், மந்திரி பொன்னப்பரிடம் ஓடிவந்து அழுதாள். கரை போனால் அவளுக்கு மட்டுமா, ஊருக்கே சோறு கிடையாது. பொன்னப்பர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். கணக்கை எதிர்த்துப் பேச நீர் என்ன படித்திருக்கிறீர் என்று ராஜா வாயை அடைத்துவிட்டார். பொன்னப்பரும் பணிவாகத் தலையாட்டினார். ஒரு கட்டம் விடாமல் சூத்திரத்தை நிறைவேற்றும் பொறுப்பைத் தனக்கே தரவேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ராஜா வயிறு முட்டச் சாப்பிட்டு, வழக்கம்போல் ஒரு தூக்கம் போட்டுவிட்டுச் சபைக்கு வந்தார். சிம்மாசனத்தின் காலில் ஒரு எருமை கட்டியிருந்தது. இன்னும் நாலைந்து, கம்பளத்தில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. சாணி வேறு. அனந்தகீர்த்தி மூக்கைப் பொத்திக்கொண்டு தூணோரம் நின்றார்.

"என்ன ஓய் இது?" என்றார் ராஜா.

"சூத்திரம்தான், மகாராஜா. உச்சிவேளையில் சபையை எண்ணினேன். ஒரு கொட்டை விழவில்லை. சுற்றிலும் பார்த்தால் மாட்டுத் தொழுவம்தான் அதிகம். அதனால் இதையும் தொழுவமாக்கிவிட்டேன்" என்றார் பொன்னப்பர்.

ராஜா கணக்குப்புலியைப் பார்த்தார். அவர் மனசுக்குள் மறுபடி கூட்டிப் பார்த்தார். கணக்கில்தான் ஒரு பிழையும் இல்லையே.

"நான் என்ன ஊரைவிட்டா போய்விட்டேன்? தூங்கத்தானே போனேன். திரும்பி வருவேன் என்று உமக்குத் தெரியாதா?"

"ஏரித் தண்ணீரும் அப்படித்தான், மகாராஜா. கோடைக்குப் போயிருக்கிறது, ஐப்பசியில் வந்துவிடும். தன் இடத்தில் வீடு இருந்தால், உங்களைப் போல அது கேள்வி கேட்டுக்கொண்டு நிற்காது."

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கரை தப்பியது. எருமைகள் செங்கமலத்துக்குப் போயின. பொன்னப்பருக்கு முத்துமாலை. அனந்தகீர்த்திக்கும் வேலை போகவில்லை. ஐப்பசி அடைமழையில் ஏரியின் நடுவே நின்று மறுபடி எண்ணச் சொல்லி உத்தரவானது.